புகை இல்லையென்றால் பயமில்லை

இன்பமேரி கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் கை கழுவப் போனாள். திரும்பி வந்தபோது பலகையில் அந்தக் கேள்வி மறுபடியும் இருந்தது.

"டீச்சர், கங்கு மட்டும் கிடந்து புகையே வராட்டி, ராத்திரி கதவைச் சாத்திக்கிடலாமா? பிள்ளைக்குக் குளிருது."

சாந்தம்மாளின் எழுத்து. செத்துப்போன சாந்தம்மாள்.

குமுளிக்கு மேலே இருந்த அந்த ஏலத்தோட்டத்துப் பள்ளிக்கூட வராந்தாவில் பலகையை மாட்டியதே இன்பமேரிதான். தனியாக எஸ்.எஸ்.எல்.சி. எழுத ஆசைப்பட்ட தோட்டத்து ஆட்களுக்கு வேலை நேரம் ஒத்துவரவில்லை. எல்லோரையும் சேர்த்து உட்காரவைத்துப் பாடம் நடத்த வழியில்லை. அதனால் அவரவர் வருகிறபோது சாக்பீஸால் கேள்வி எழுதிவிட்டுப் போவார்கள். அவள் அதன் கீழே பதில் எழுதுவாள். அடுத்து வருகிறவர் இரண்டையும் படித்துவிட்டு இன்னொன்று கேட்பார். பதில் எழுதாத கேள்வியை யாரும் அழிக்கக் கூடாது என்று சட்டம் போட்டவளும் அவள்தான்.

போன சனிக்கிழமை சாந்தம்மாள் இதை எழுதியபோது கீழே கம்பம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. இன்பமேரி பையைத் தோளில் மாட்டியபடியே பாதி படித்தாள். "புகை இல்லையென்றால் பயமில்லை" என்று கிறுக்கிவிட்டு ஓடினாள். திங்கட்கிழமை வந்து இறங்கியபோது தொழிலாளர் லயத்தில் சாந்தம்மாள் வீட்டுக் கதவை உடைத்துத் தாயையும் பிள்ளையையும் எடுத்து, குழியும் மூடியாகிவிட்டது. யார் கண்ணிலும் படுமுன் அவள் பலகையைத் துடைத்தாள். புகையே இல்லாவிட்டாலும் மூடிய அறையில் கங்கிலிருந்து வருகிற கரிக்காற்று ஆளைக் கொல்லும் என்று பாடம் நடத்தியவளே அவள்தான். பாவி, பாவி என்று தன்னைத் திட்டிக்கொண்டேதான் துடைத்தாள்.

மத்தியானமே இறங்கிவிட்ட மூடுபனி இப்போது வராந்தா வரை வந்து, நனைந்த கம்பளி வாடையோடும் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரிலிருந்து வருகிற காரமான சூட்டு மணத்தோடும் தூண்களைச் சுற்றி நின்றது. அதற்குள் யாரோ இருமினார்கள். இன்பமேரி முதுகால் பலகையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

சங்கையா. சாந்தம்மாளின் புருஷன். ஸ்டோரில் அடுப்பு எரிக்கிறவன்.

"டீச்சர், சாந்தா இதுல எதுவும் கேட்டு எழுதுச்சா? டீச்சர்ட்டக் கேட்டுட்டுத்தான் செய்வேன்னு சொல்லிச்சு. நான் ராவேலைக்குப் போயிட்டேன்."

"இல்லையே சங்கையா. நான் எதையும் பார்க்கல."

"அதானே. பார்த்திருந்தா நீங்க வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க." அவன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான். "ஸ்டோர்ல மிஞ்சுன கங்க நாந்தானே டீச்சர் தகரத்துல அள்ளிக் குடுத்தேன். நாந்தான் கொன்னுட்டேன்."

நீ இல்லை, நான். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அவள் விழுங்கினாள். அவன் இருமிக்கொண்டே பனிக்குள் போய் மறைந்தான்.

முதுகுக்குப் பின்னால் சாக்பீஸ் உரசுகிற சத்தம்.

அவள் மெல்லத் திரும்பினாள். வராந்தாவில் யாரும் இல்லை. கேள்விக்குக் கீழே, அவள் தன் பதிலைத் துடைத்த இடத்தில், புதிதாக ஒரு வரி இருந்தது.

"நீங்க சொன்னபடிதான் சாத்துனோம் டீச்சர்."

அவள் சாக்பீஸை எடுத்தாள். "சாத்தாதே. கதவைத் திறந்து வை" என்று எழுதினாள். மன்னித்துவிடு என்று எழுத வரவில்லை. சாக்பீஸ் உடைந்தது. துண்டு தரையில் உருண்டு நின்றது.

உடனே அடுத்த வரி வந்தது. கை இல்லை. எழுத்து மட்டும், ஒவ்வொன்றாக.

"தெறக்க முடியல டீச்சர்."

அவள் ஓடினாள். செருப்பு ஒன்று வழியில் கழன்றது. நிற்கவில்லை. பின்னால் காலடி எதுவும் கேட்கவில்லை. ஒரு பச்சைப் பிள்ளையின் இருமல் மட்டும், தூரம் குறையாமல், தூரம் கூடாமல் கூடவே வந்தது. பூட்டைத் திறந்து குவார்ட்டர்ஸுக்குள் விழுந்தாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னல்களையும் இறுக்கிச் சாத்தினாள். கதவடியில் குளிர் ஊசியாய் நுழைகிற இடுக்கில் சாக்கைத் திணித்தாள்.

இருமல் நின்றது.

நெற்றியைக் கதவில் சாய்த்து மூச்சு வாங்கினாள். கடவுளே, தப்பித்தேன்.

பிறகுதான் தெரிந்தது. குளிரவில்லை.

அந்த வீட்டில் கரி அடுப்பே கிடையாது. ஆனாலும் முதுகில் இதமாகச் சூடு ஏறியது. அறையின் நடுவில், தகரத்தில், சிவப்பாகக் கங்கு. புகை இல்லை. துளியும் இல்லை.

தலை கனத்தது. தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. மறுபடி இழுத்தாள்.

கங்கின் வெளிச்சத்தில் கதவின் உள்பக்கம் தெரிந்தது. கீழே, முழங்கால் உயரத்தில், சாக்பீஸ் மாவு படிந்த சின்னஞ்சிறு கைத்தடங்கள். கண்ணுக்கு நேராக, அவளுடைய அவசரக் கையெழுத்தில், அப்போதுதான் எழுதியதுபோல்:

புகை இல்லையென்றால் பயமில்லை.