துணி பிடித்த மரப்பெண்

அன்று மாலை எங்கள் உக்குவளை ஸ்டோரில் மூன்று பேர் இருந்தோம். வாசலோரம் மிளகு மூட்டைமேல் நூதனசாலை அதிகாரி இராசலிங்கம். தராசுப் பலகையில் நான். பெட்டியருகே தரையில் என் மனைவி மஸூதா. பெட்டிக்குள் இருந்தவளையும் சேர்த்தால் நால்வர்.

நூதனசாலைப் பழம்பொருட்களோடு கண்டிக் கண்காட்சிக்குப் போன லொறி மண்சரிவால் நின்றுவிட்டது. பெட்டிகளை வைக்கக் குளிர்ந்த இடம் கேட்டார்கள், கொடுத்தேன்.

பெட்டிக்குள் இருந்தவள் ஈராயிரம் ஆண்டுக்கு முன் இறந்த சீனத்துச் சீமாட்டி. கசிவு பார்க்க இராசலிங்கம் மூடியைத் திறந்ததும், புளித்த வாடை எழுந்து ஏலக்காய் வாசனையை அமுக்கியது. கன்னம் மெத்தென்றிருந்தது. இமைமயிர்கூட உதிரவில்லை. பக்கத்துப் பெட்டியில் அவளோடு புதைத்த அரக்குக் கிண்ணங்கள், பட்டு, சாண் உயர மரப்பெண்கள்.

"இதுகள் வேலைக்காரியள். செத்தாப் பிறகும் அம்மாவைக் குளிப்பாட்ட, உடுத்த ஆள் வேணுமெண்டு வைச்சவை," என்றார்.

"எங்க வீட்டுல உசிரோட இருக்கிற எனக்கே ஆளில்ல சேர்," என்றேன்.

மஸூதா சிரிக்கவில்லை. ஊரில் இறந்த பெண்களின் ஜனாஸாக்களைக் குளிப்பாட்டுபவள் அவள்.

"பாவம்ங்க. மூஞ்சியக் கூட தொடைக்காம வச்சிருக்காங்க."

"தொடாதேங்கோ தங்கச்சி," என்றுவிட்டு அவர் போன் பேச வெளியே போனார்.

நான் தடுக்குமுன் அவள் துணியை நனைத்து முகத்தைத் துடைத்தாள். குளிப்பாட்டுமுன் கையைத் தளர்த்தும் பழக்கத்தில் சீமாட்டியின் முழங்கையை மடக்கினாள்.

மடங்கியது.

மடங்கிய கை, அவள் விரலைப் பற்றியது.

மறுநாள் பாதை திறந்தது, லொறி போனது. சில நாட்களில் மஸூதாவின் விரல்கள் துணியைப் பிடித்தபடியே இறுகின. பிறகு முழங்கை. பிறகு கழுத்து. மாத்தளை டொக்டர் வாதம் என்றார். வீட்டுக்கு வந்து அவள் தோளைத் தட்டிப் பார்த்தேன்.

மரச் சத்தம்.

"கூப்பிடுறாங்க," என்றாள், உதடு அசையாமல். "தண்ணி சுட வைக்கணும்."

இன்று காலை இராசலிங்கம் போனில் கிசுகிசுத்தார். "புஹாரி, மரப்பெண் ஒண்டு கூடிப்போச்சு. கையிலை துணி. முகம்... உங்கட மனிசின்ரை முகம்."

"அத மட்டும் தந்துருங்க சேர்," என்றேன், கட்டிலில் அசையாமல் கிடந்த மஸூதாவைப் பார்த்தபடி.

"என்ர கையிலை இல்லை. எல்லாம் வெள்ளிக்கிழமை சீனாவுக்குக் கப்பலேறுது. எழுத்திலை கேளுங்கோ, மேலிடத்துக்குக் காட்டுறன்."

எழுதினேன். நடந்ததை ஒழுங்காக எழுதி, கடைசியில் கெஞ்சினேன். கடிதத்தை உறைக்குள் வைத்து ஒட்டப் போனேன்.

மடிப்பு ஏற்கெனவே நனைந்திருந்தது. அவள் பெட்டியில் எழுந்த அதே புளித்த வாடை.

என் விரல் படுமுன் அது தானாக மடிந்து ஒட்டிக்கொண்டது.

வேறு வழியில்லை. அதையே கொண்டுபோய்த் தபால் கந்தோரில் கொடுத்தேன்.