வாடிக்கையாளரே லைனில் வந்து சொல்ல வேண்டும்

கண்ணாடிக் கட்டடத்தின் பன்னிரண்டாம் மாடியில் சொகுசாக இருந்த பிரிவைத் தூக்கிப் பழைய தொலைபேசி நிலையத்தில் போட்டதற்கு நிர்வாகம் சொன்ன காரணம் "புத்துணர்ச்சி". எலிகூடக் குடிவர மறுத்துவிட்டதால் அந்த நிலையம் காலியாகக் கிடந்தது என்பதுதான் உண்மை.

மாதத்தின் கடைசி நாள், காலை ஒன்பது மணிக்கு, அதன் மரப்படிகளில் மூச்சு வாங்க ஏறினான் பிசின்.

பெற்றவர்கள் அவனுக்கு நல்ல பெயராகத்தான் வைத்தார்கள். அலுவலகத்தில் அதை யாரும் சொல்வதில்லை. "உங்க சேவையே வேண்டாம், என் நம்பரை மூடுங்க" என்று கூப்பிடுகிறவர்களை மூட விடாமல் பேசியே மடக்குவது அவன் வேலை. அந்த வேலையில் அவனை மிஞ்ச ஆளில்லை. அவன் லைனில் மாட்டியவன் பிசினில் கால் வைத்த எறும்புதான். கால் வரும், ஆள் வரமாட்டான்.

மேலே ஒரே நீளக் கூடம். முன்பு வரிசையாக நின்ற இரும்பு அலமாரிகளைப் பெயர்த்த இடத்தில், தரை முழுக்க ஆணித் துளைகள். சூடான தூசி வாசனை. அதற்கடியில், பழைய பேட்டரிகளின் அமில நெடி, நாக்கில் பட்ட நாணயம் மாதிரி. ஆனாலும் நிறுவனம் தன் கடமையை மறக்கவில்லை. சுவரில் ஆளுயர எழுத்தில் தன் வாசகத்தை எழுதிவைத்திருந்தது: "உங்களை விடவே மாட்டோம்!"

அதை எழுதியவனுக்கு விருது கொடுத்தார்களாம். மிரட்டல் கடிதத்துக்கும் விளம்பரத்துக்கும் வித்தியாசம் தெரியாத கூட்டம்.

வாசகத்துக்குக் கீழே ஒரு பலகை, சிவப்பு எண்களில்: காத்திருப்போர் 0.

"சார், இங்க ஏதோ முனகற சத்தம் கேக்குது" என்றாள் குயில். குரல் இனிமைக்காக அந்தப் பெயர் பெற்றவள். அவனுக்கு அடுத்த நாற்காலி.

"ஏசிம்மா அது."

"ஏசி இன்னும் மாட்டவே இல்லையே சார்."

"அப்ப மாட்டாததுக்கு முனகுது. அத விடு. மாசக் கணக்கு எத்தனை?"

"நாப்பத்தொன்பது சார்."

பிசின் கண்ணை மூடித் திறந்தான். இந்த மாதம் மூடப்பட்ட எண்கள் ஐம்பதைத் தொடாமல் இருந்தால் மண்டலத் தலைவர் பதவி அவனுக்கு. தொட்டால், இன்னொரு ஊர்ப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் மொட்டைக்கு. மாலை ஆறு மணிக்குக் கணக்கு முடிகிறது. அதுவரை ஒருவனும் தப்பிக்கக் கூடாது.

அவனிடம் ஒரு சூட்சுமம் இருந்தது. எண்ணை மூடும்போது காரணத்தைக் குறிக்க வேண்டும். ஒன்பதாம் காரணம்: மரணம். அது மூடிய கணக்கில் சேரும். நாலாம் காரணம்: "திரும்ப வருவார்". வெளியூர் போகிறவர்களுக்காக வைத்தது. அது கணக்கில் சேராது, எண் தூங்கும். மூன்று வருடமாக, செத்தவர்களின் எண்களுக்கெல்லாம் பிசின் நாலைத்தான் அழுத்தினான். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் திரும்ப வருவார்கள் என்று எழுதிவைத்திருந்தான்.

பதினோரு மணிக்கு ஒரு பெண் படியேறி வந்தாள். கழுத்தில் அளவு நாடா. சேலையில் ஒட்டிய நூல் துணுக்குகள். தையல்காரி என்று பார்த்ததுமே தெரிந்தது.

"மூணு தடவை உங்க குரலைத்தான் சார் ஃபோன்ல கேட்டேன். ஆளு இவ்வளவு ஒல்லியா இருப்பீங்கன்னு நெனைக்கல" என்றபடி இறப்புச் சான்றிதழை மேசையில் வைத்தாள். "எங்கப்பா போயி எட்டு மாசம் ஆகுது. நம்பரை மூடிடுங்க."

பிசின் முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டான். அதற்கு நிறுவனத்தில் இரண்டு நாள் பயிற்சி உண்டு. "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. அப்பாவோட நம்பர் ஒரு நினைவுச் சின்னம் இல்லையா? எங்ககிட்ட குடும்ப நினைவுத் திட்டம்னு ஒண்ணு..."

"சார். அந்த நம்பர்லேர்ந்து தினமும் நாலு மணிக்கு எங்கம்மாவுக்கு ஃபோன் வருது."

"சிம் யாருகிட்ட இருக்கு?"

"நான்தான் கழட்டி ஊசி டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன்."

குயிலின் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது.

"பேச்சு ஒண்ணும் வராது சார். பாட்டு மட்டும்தான். காத்திருங்கன்னு சொல்லிட்டு நீங்க போடுவீங்களே, கிணிங் கிணிங்னு, அதான். அம்மா என்ன சொல்றாங்க தெரியுமா? 'அவரு லைன்லதான் இருக்காரு, இப்ப வந்துடுவாரு'ங்கறாங்க. ஃபோனைக் காதுலேர்ந்து எடுக்கறதே இல்ல. பத்து நாளா ஒரு வாய் சாப்பிடல. நேத்து மயங்கி விழுந்துட்டாங்க. இப்படியே போனா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

பிசின் திரையைப் பார்த்தான். பேருந்து நடத்துனர், ஓய்வு. காரணம்: 4. பதிந்தது அவனேதான். இதை மூடினால் ஐம்பது.

"விதின்னு ஒண்ணு இருக்கும்மா. யார் பேர்ல நம்பர் இருக்கோ, அந்த வாடிக்கையாளரே லைன்ல வந்து 'மூடுங்க'ன்னு சொல்லணும்."

"செத்தவரு எப்படி சார் வருவாரு?"

"நான் என்னம்மா பண்றது? விதி."

அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். துணியை வெட்டுவதற்கு முன் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு சான்றிதழை மடித்து எடுத்துக்கொண்டாள்.

"சரி சார். இன்னிக்கும் நாலு மணிக்கு வரும்ல, சொல்லிடறேன். 'அப்பா, நீங்களே வந்து சொல்லணுமாம்'னு சொல்லிடறேன்."

அவள் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் பிசின் சிரித்தான். "பாத்தியா குயில்? மூளை இருக்கறவன் எப்பவும் பொழச்சுக்குவான்."

குயில் சிரிக்கவில்லை.

நாலு மணி கடந்து ஐந்து நிமிடம்.

பலகையில் பூஜ்யம் ஒன்றாக மாறியது.

பிசின் ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டான். "வணக்கம். உங்க அழைப்பு எங்களுக்கு ரொம்ப முக்கியம். சொல்லுங்க."

முதலில் சத்தங்கள் மட்டும். நின்ற இடத்திலேயே உறுமும் ஒரு எஞ்சின். தோல்பையில் சில்லறை குலுங்கும் சத்தம். அதற்கும் பின்னால், நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தின் மூச்சு.

"கம்பெனிங்களா?" கனிவான, கரகரத்த குரல். "நானே வந்து சொல்லணும்னு பொண்ணு சொல்லுச்சு. மூடிடுங்க தம்பி."

திரையில் நடத்துனரின் எண்.

பலே, ஆள் வைத்து நாடகம் போடுகிறாள் தையல்காரி என்று நினைத்தான் பிசின். நாடகத்துக்கு நாடகம். "கண்டிப்பா சார். என்ன காரணம்னு தெரிஞ்சுக்கலாமா?"

"செத்துட்டேன்."

"புரியுது சார். சிக்னல்ல ஏதாவது பிரச்சினையா?"

"சிக்னல் நல்லாத்தான் தம்பி இருக்கு. அதான் பிரச்சினையே."

"பாதுகாப்புக்காக ஒரு கேள்வி சார். நீங்க மொதல் மொதல்ல வேலை பாத்த வண்டி எண்?"

"பதினேழு. பிரேக் பிடிக்காத வண்டி. உங்க பேனா கசியுது தம்பி."

பிசின் குனிந்து பார்த்தான்.

சட்டைப் பையில் நீலம் படர்ந்துகொண்டிருந்தது.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். ஜன்னல்கள் உயரத்தில், அழுக்கேறி. குயில் மட்டும்தான் பக்கத்தில்.

"முப்பத்தொரு வருஷம் கண்டக்டர் நான்" என்றது குரல். "ஸ்டாப்பிங் வந்தவங்களை இறக்கிவிடாம ஒருநாளும் விசில் ஊதினதில்ல. நீங்க என்னடான்னா எட்டு மாசமா என்னைப் படியிலயே நிக்க வெச்சிருக்கீங்க. எனக்காவது தெம்பு இருக்கு. பின்னால வயசானவங்க, புள்ளத்தாச்சிங்க எல்லாம் நிக்கறாங்க தம்பி. இறக்கி விடுங்க."

பிசின் கசிந்த பேனாவைப் பிடுங்கி மேசையில் போட்டான். இது நாடகம் இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த ஒவ்வொரு மயிருக்கும் தெரிந்துவிட்டது. ஒன்பதை அழுத்தினால் போதும்.

அழுத்தினால் ஐம்பது.

மொட்டையின் முகம் கண்முன் வந்து சிரித்தது. சரி, ஆறு மணி தாண்டியதும் மூடிவிட்டால் அது அடுத்த மாதக் கணக்கு. செத்தவனுக்கு என்ன அவசரம்?

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்" என்றான்.

பேய்க்கும் அதே வார்த்தை. பாட்டைப் போட்டுவிட்டான். கிணிங் கிணிங்.

பலகையில் 2 என்று விழுந்தது.

பிறகு 9.

பிறகு 40.

"சார்..." குயில் தன் திரையைக் காட்டினாள். "எனக்கு ஒரு காலும் வரல. எல்லாம் உங்க லைன்லதான் நிக்குது."

212.

அங்கேயே நின்றது எண். கூடத்தில் அமில நெடி குறைந்து, டீசல் வாசனை ஏறியது. வேர்வை, ஈரத்துணி, கசங்கிய பூ. நெரிசலான பேருந்தின் வாசனை.

ஐந்து மணிக்குத் தையல்காரி கூப்பிட்டாள். அழுகையில் வார்த்தைகள் உடைந்தன. "அப்பா உங்ககிட்ட சொல்லிட்டாராம்ல சார்? பாட்டுக்கு நடுவுல அம்மா காதுல சொன்னாராம். அம்மாவுக்கு மூச்சு இழுக்குது. ஃபோனைப் பிடுங்க முடியல. உங்க கால்ல விழறேன், மூடிடுங்க சார்."

"உங்க கோரிக்கை பரிசீலனையில இருக்கும்மா" என்றான் பிசின்.

"சார், நான் ஒன்பது போட்டுடறேன்" என்று குயில் கை நீட்டினாள்.

"தொட்டுப் பாரு, கைய உடைச்சுடுவேன்! இன்னும் ஒரு மணி நேரம். அதுக்குள்ள உயிரா போயிடும்?"

அந்த ஒரு மணி நேரம் அவன் கடிகாரத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டேயிருந்தது. அதற்கடியில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், ஒருவர்கூடக் கத்தாமல், நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆறு மணி.

கைபேசி துள்ளியது. மேலிடத்துச் செய்தி: "நாற்பத்தொன்பது! வாழ்த்துகள், மண்டலத் தலைவரே!" கூடவே கைதட்டும் பொம்மைகள் மூன்று.

பிசின் காற்றில் குத்துவிட்டான். "இப்ப மூடிக்கோ குயில், எத்தனை வேணா மூடிக்கோ!" ஹெட்செட்டைக் கழற்றப் போனான்.

வரவில்லை.

இழுத்தான். காது வந்தது, ஹெட்செட் வரவில்லை. பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

பாட்டு நின்றது.

ஒரே ஒரு விசில். நீளமாக.

வண்டி நிற்கும் சத்தம், அவன் நாற்காலிக்குப் பின்னால்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி" என்றது கனிவான குரல், காதுக்குள். "இறங்கறவங்க இடத்துக்கு யாராவது ஏறணும்ல. வாங்க. உள்ள போங்க, உள்ள போங்க. படியில நிக்காதீங்க."

இரண்டு விசில்.

குயில் திரும்பியபோது நாற்காலி மட்டும் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. ஹெட்செட் கம்பியில் தொங்கி ஆடியது. அதிலிருந்து மெலிதாக, கிணிங் கிணிங்.

அவள் அலறவில்லை. அலறினால் கை நடுங்கும். அவன் இடத்தில் உட்கார்ந்து, முதலில் நடத்துனரின் எண்ணை எடுத்து ஒன்பதை அழுத்தினாள். பிறகு அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொன்றுக்கும் பலகையில் ஓர் எண் குறைந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ படியிறங்கும் சத்தம். இருநூறாவது எண்ணை மூடும்போது தையல்காரியிடமிருந்து செய்தி வந்தது: "அம்மா ஃபோனக் கீழ வெச்சுட்டாங்க. கஞ்சி கேக்கறாங்க."

இருநூற்றுப் பன்னிரண்டு எண்களை மூடியதற்காகக் குயிலை மறுநாளே வேலையை விட்டுத் தூக்கினார்கள். "நிறுவனத்தின் உணர்வுக்கு எதிரான செயல்" என்று கடிதத்தில் எழுதினார்கள். உணர்வு இருந்ததே அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. காணாமல் போனவனின் பதவி, மொட்டைக்குப் போயிற்று. அவன் அந்தக் கூடத்துக்கே வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தான்.

நாற்பதாம் நாள், பிசினின் மனைவி படியேறி வந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"அவரு நம்பரை மூடிடுங்கண்ணே. தினமும் ஆறு மணிக்கு அதுலேர்ந்து ஃபோன் வருது. பேச்சு வராது. உங்க பாட்டு மட்டும்தான். பொண்ணு அப்பா அப்பான்னு ஃபோனைக் கட்டிக்கிட்டு தூங்கறா."

மொட்டை திரையைப் பார்த்தான். அந்த எண்ணுக்கு ஏற்கெனவே நாலைப் போட்டுவைத்திருந்தான். திரும்ப வருவார். முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டான்.

"விதின்னு ஒண்ணு இருக்கும்மா. அவரே லைன்ல வந்து சொல்லணும்."

அவள் வீட்டுக்குப் போயிருப்பாள். ஆறு மணி கடந்து ஐந்து நிமிடம். பலகையில் பூஜ்யம் ஒன்றாக மாறியது.

"வணக்கம். உங்க அழைப்பு எங்களுக்கு ரொம்ப முக்கியம்" என்றான் மொட்டை. "என்ன காரணம்னு தெரிஞ்சுக்கலாமா?"

எஞ்சின் உறுமியது. 

"டேய் மொட்டை" என்றது, எல்லோருக்கும் பழக்கமான அந்த வழவழப்பான குரல். "பேனா கசியுது பாரு."