இடைவெளியில் உடைந்த பாதை

மாடியில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் கறகறப்பு நின்றது. யாரும் மேலே போகவில்லை.

இரண்டு ஷிப்டு தொடர்ந்து பார்த்துவிட்டு வந்த அலுப்பில் அவன் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மாலை ஐந்து மணி வெளிச்சம் திரைச்சீலையில் அழுக்காகத் தேங்கியிருந்தது. பின்னறை முழுக்கக் கணினியில் சூடேறிய தூசியின் வாசனை. முன்னறையில் மனைவி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஆடாம இரு வாலு. வகிடு கோணுது."

"நீதாம்மா இழுக்கிற. அப்பா, அம்மாவைப் பாரு."

"அவரு அந்தப் பொட்டியைக் கட்டிக்கிட்டவரு. நம்மள எங்க பாக்கறது."

அவனுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. கணினியின் வட்டு நிரம்பிவிட்டது. எல்லாம் மனைவி எடுத்த படங்கள். அறைக்கு ஒரு கோப்புறை, மகளுக்கு 'வாலு' என்று ஒன்று, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு நகல்: 'மாடி', 'மாடி பழையது' என்ற கணக்கில். நகல்களை மட்டும் அழிக்க ஒரு சின்ன நிரல் எழுதி ஓடவிட்டிருந்தான். அது கோப்புறைக்குள் கோப்புறையாக அடிவரை இறங்கித் தேடி, 'பழையது' என்று முடிபவற்றின் பாதைகளைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாக அழிக்கும்.

திரையில் முதல் வரி வந்திருந்தது. 'மாடி: அழிக்கப்பட்டது.'

'பழையது' எங்கே? கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். நிரலில் பாதையைச் சுற்றி மேற்கோள் குறி போட மறந்திருந்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை அவன் திட்டுகிற அதே தப்பு. குறி இல்லாவிட்டால், இடைவெளி வரும் இடத்தில் பாதை 'மாடி', 'பழையது' என்று இரண்டாக உடையும். நகல் தப்பிக்கும். அசல் போய்விடும்.

படங்கள்தானே, நகல் இருக்கிறதே என்று கொட்டாவி விட்டபடி தண்ணீர் குடிக்க எழுந்தான். மாடிப்படி வழக்கம்போல் ஏறிச் சென்று, வெள்ளைக் கூரையில் முட்டி நின்றது.

"மாடி எங்க?"

"எந்த மாடி?" சீப்பைப் பல்லில் கடித்தபடி மனைவி கேட்டாள். "கொஞ்ச நேரம் படுங்க. கண்ணெல்லாம் செவந்திருக்கு."

சமையலறையில் குழாய் சொட்டுவது நின்றது.

அந்தப் பக்கம் அவன் திரும்பவில்லை. கணினிக்கு ஓடினான். இரண்டாவது வரி, 'சமையலறை'. மூன்றாவது எது என்று அவனுக்குத் தெரியும். நிறுத்தும் விசையை அழுத்தினான். மறுபடி. மறுபடி. மேசைக்கடியில் தவழ்ந்து ஒயரைப் பிடுங்கினான்.

ஒயர் கையில் இருந்தது. திரை அணையவில்லை.

'வாலு: அழிக்கப்பட்டது.'

முன்னறையில் பேச்சு இல்லை.

போனான். மனைவி மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் விரல்கள் காற்றை மூன்றாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு இறங்கிக்கொண்டிருந்தன.

"என்ன பண்றே?"

அவள் தன் கைகளையே பார்த்தாள். "தெரியலைங்க. நிறுத்த முடியல."

அடிவரை பின்னினாள். ஒன்றுமில்லாத அந்த நுனியில் ரிப்பனை இறுக்கிக் கட்டிவிட்டுக் கையை எடுத்தாள்.

ரிப்பன் கீழே விழவில்லை.