நாற்பது கிராம் மணி

“நாற்பது கிராம்! வெறும் நாற்பது கிராமுக்காக என் சைக்கிள் மணியைக் கழட்டி வீட்டுல வச்சுட்டு வந்திருக்கே!”

“கத்தாதே, குண்டு. மலை ஏறும்போது ஒவ்வொரு கிராமும் உன் முட்டியிலதான் வந்து உட்காரும்.”

“அப்போ நீ தூக்கிட்டு வர்ற ஒரு கிலோ மாத்தே இலை? அது யார் முட்டியில உட்காருது?”

“மூணு நாள் மாத்தே குடிக்காம இருக்கணுமா? நீயெல்லாம் மனுஷியா?”

கிரிசெல்டா குண்டு இல்லை. பலமாகக் காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. எங்கள் ஊரில் ஆசைப்பட்டவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்; கோபம் வந்தாலும் பெயர் மாறுவதில்லை, குரல்தான் மாறும். அன்செல்மோவின் குரல் காலையிலிருந்தே மாறித்தான் இருந்தது.

சண்டை நடந்த இடம் மச்சோனிக்கோ ஏரியைத் தாண்டி ஏற்றம் முடிகிற வளைவு. புதன்கிழமை, பகல் பதினொரு மணி. சாட்சிக்குக் குதிரை ஈக்களைத் தவிர யாரும் கிடையாது. ஜனவரிக் கோடையில் அந்த ஈ கறுப்புத் துணியைக் கண்டால் விடாது. அன்செல்மோ இரண்டு பேருக்கும் கறுப்புச் சட்டைதான் எடுத்திருந்தான். அழுக்குத் தெரியாதாம்.

எதற்கு இந்தக் கூத்து என்றால், வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அங்கோஸ்துரா பதிவு அலுவலகத்தில் அவர்களுக்குக் கல்யாணம். சான் மார்ட்டினிலிருந்து ஏழு ஏரிகளையும் சுற்றி, நூற்றுப் பத்து கிலோமீட்டர், பெண்ணும் மாப்பிள்ளையும் சைக்கிளிலேயே வந்து இறங்குவார்கள். நாங்கள் காரில் முன்னதாகப் போய் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். யோசனை யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. கிரிசெல்டாவுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஏனென்றால் ஆறு வருஷத்துக்கு முன்னால் வேறொருவனுக்காக இதேபோல ஒரு அலுவலகத்தில் பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு மணிக்குக் கதவைச் சாத்த வந்த பெண் “மாப்பிள்ளை எங்கே?” என்று கேட்டதை எங்கள் தெரு இன்னும் மறக்கவில்லை. மறக்க நாங்கள் விடவும் இல்லை.

அந்த வளைவில் ஒரு கோய்ஹுவே மரத்தில் வெள்ளையடித்த சைக்கிள் ஒன்று கட்டியிருக்கும். டயர் கிடையாது. வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக் பூ. யார் செத்தது என்பதற்கு என்னிடமே நான்கு கதைகள் இருக்கின்றன, ஒன்றும் ஒத்துப்போகாது. ஆனால் அதைத் தாண்டுகிறவர்கள் மணி அடிப்பார்கள். கார்க்காரன் ஹாரன் அடிப்பான். முன்னால் போகிறேன், அனுமதி கொடு என்று கேட்பதாகக் கணக்கு. கிரிசெல்டாவின் கட்டைவிரல் பழக்கத்தில் மணியைத் தேடிப் போனபோதுதான் அது அங்கே இல்லை என்று தெரிந்தது.

“அடிக்காம எப்படித் தாண்டறது?”

“வாயால அடி.”

அவளுக்கு வெட்கமாக இருந்தது. “ட்ரிங்” என்றாள் மெதுவாக. அன்செல்மோ சிரித்த சிரிப்பில் ஈக்களே ஒருமுறை விலகிப் போயின. பிறகு இருவரும் இறக்கத்தில் இறங்கினார்கள்.

பத்து நிமிஷம் போயிருக்கும். பின்னால் மணிச் சத்தம்.

பழைய காலத்து மணி. இரண்டு அடி; முதல் அடி முழுசாக ஒலித்தது, இரண்டாவது துருவில் சிக்கிப் பாதியில் நின்றது. கிரிசெல்டா வலப்பக்கம் ஒதுங்கிச் சரளையில் காலூன்றினாள். அன்செல்மோவும் ஒதுங்கினான். சாலை வளைந்து மேலே போயிற்று, காலியாக. தாரின் சூட்டு வாசனை, மரங்களுக்குள் எங்கோ ஓடை, வேறொன்றும் இல்லை.

“சுத்திப் பாக்க வர்ற பிரெஞ்சுக்காரங்களா இருக்கும். இறக்கத்துல பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே வருவாங்க,” என்றான். ஐந்து நிமிஷம் நின்றார்கள். யாரும் வரவில்லை.

அன்று அப்படி ஏழு முறை. ஒவ்வொரு முறையும் ஒதுங்கி, இறங்கி, காத்திருந்து, திரும்ப ஏறி, எதிர்க்காற்றில் மறுபடி வேகம் பிடித்து. ஏழாவது முறை நின்றபோது அவள் பின்டயரில் முள் ஏறியது. அன்செல்மோ டியூபை மாற்றிக்கொண்டே, கல்யாண உடை அறுநூற்று இருபது கிராம் என்றும், பருத்தியில் எடுத்திருந்தால் நானூறில் முடிந்திருக்கும் என்றும் சொன்னான். அவள் தார்ச்சாலையில் தனக்கு இடப்பக்கம், ஒரு கை தூரத்தில், மெல்லிய ஈரக்கோடு ஒன்று நீளமாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மழை பெய்யவில்லை.

ஃபால்க்னர் ஏரிக்கரையில் வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் அடித்தார்கள். நடைபாதைக்குக் குறுக்கே அடிக்காதே என்று அவள் சொன்னாள். அங்கேதான் தரை சமமாக இருக்கிறது என்று அவன் அடித்தான். விடிந்ததும் முதலில் வெளியே வந்தது அவள்தான். பனி பூத்த புல்லில் ஒரு சக்கரத் தடம் ஏரியிலிருந்து நேராக ஏறி வந்திருந்தது. கூடாரத்தைச் சுற்றிப் போகவில்லை. வாசல் வரை வந்து நின்றிருந்தது. நின்ற இடத்தில் புல் கறுத்து நன்றாக அழுந்தியிருந்தது, ஒருவர் இரவு முழுக்கப் பொறுமையாக வழிக்காகக் காத்திருந்ததுபோல.

செருப்புக் காலால் தேய்த்து அழித்தாள். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் சிரிப்பான். சிரித்தால் அவள் திரும்பிப் போய்விடுவாள். திரும்பிப் போனால் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பதிவு அலுவலக நாற்காலியில் யாருமே உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

வியாழன் முழுக்கத் தூறல். மணி இப்போது தூரத்தில் இல்லை. அடித்ததும் அவர்கள் ஒதுங்குவார்கள். ஒதுங்கியதும் அவளுடைய இடக்கன்னத்தில் குளிர் வந்து ஒட்டும், இறைச்சிக் கடையின் குளிர் அறையைத் திறந்ததுபோல. கூடவே ஏரியின் அடியில் கிடக்கும் சேற்றின் வாசனை. அன்செல்மோவுக்கும் அது தெரிந்தது. பயத்துக்குப் பதிலாக அவனுக்குக் கோபம்தான் வந்தது. சாலையைத் திரும்பிப் பார்த்துத் திட்டினான், கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திட்டினான், கடைசியில் அவளைத் திட்டினான்.

“நீ ஒவ்வொரு தடவையும் ஒதுங்கறதாலதான் அது திரும்பத் திரும்ப அடிக்குது.”

“எது?”

அவன் சைக்கிளில் ஏறி மிதித்தான்.

வெள்ளிக்கிழமை காலை எஸ்பெஹோ ஏரியின் மேல் மூடுபனி. இன்னும் இருபது கிலோமீட்டர். மணி ஒன்பதரை. முதல் ஆறு கிலோமீட்டருக்குள் நான்கு முறை ஒதுங்கியாகிவிட்டது. முன்னால் போகிற அன்செல்மோவின் சிவப்பு விளக்கு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. தண்ணீர் கல்லில் மோதும் சத்தம் ஒரே சீராக வலப்பக்கம் வந்துகொண்டிருந்தது. சட்டை முதுகில் ஒட்டி, விரல்கள் பிரேக்கில் மரத்து, ஈரச் செடிகளின் கசப்பு வாசனை தொண்டை வரை ஏறி, இன்னும் ஒரு ஏற்றம், அதற்கப்புறம் இறக்கம்தான், அதற்கப்புறம் அரிசி, அதற்கப்புறம் எல்லாம் முடிந்துவிடும் என்று அவள் ஒவ்வொரு மிதிக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மணி.

அவள் ஒதுங்கினாள். அன்செல்மோ ஒதுங்கவில்லை. சாலை நடுவிலேயே போனான்.

“சாலை இவ்வளவு அகலமாக் கிடக்கே! சுத்திப் போயேன்டா!”

மறுபடி மணி. அவன் முதுகுக்குப் பின்னால். மிகப் பக்கத்தில்.

“முடியாது! இன்னிக்கு எனக்குக் கல்யாணம்!”

சிவப்பு விளக்கு வளைவில் மறைந்தது.

சத்தம் இல்லை. விழுந்த சத்தம் இல்லை. பிரேக் சத்தம் இல்லை. தண்ணீர் கல்லில் மோதுவதுகூட நின்றிருந்தது.

அவள் மிதித்தாள். வளைவு. பனி. சைக்கிள் புல்லில் சாய்ந்து கிடந்தது. அன்செல்மோ சாலை ஓரத்துப் பாறையில் முதுகை ஒட்டி நின்றுகொண்டிருந்தான். கைகள் இரண்டும் உடம்போடு. கால்விரல்கள்கூட உள்ளே இழுத்து. மிக மரியாதையாக.

“அன்செல்மோ. வா. நேரமாச்சு.”

“உஷ்.”

“என்ன?”

“இன்னும் போய்க்கிட்டிருக்காங்க.”

அவள் சாலையைப் பார்த்தாள். காலி. பிறகு கீழே பார்த்தாள். ஒரு ஈரக்கோடு. பக்கத்தில் இன்னொன்று உருவாகிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. ஏரிக்கரைப் புல் ஒரே இடத்தில் வளைந்தது, நிமிர்ந்தது, வளைந்தது, நிமிர்ந்தது.

“எத்தனை பேரு?”

“தெரியல. முடியட்டும். நீயும் நில்லு, குண்டு.” அவன் குரல் அவ்வளவு மெதுவாக அவள் கேட்டதே இல்லை.

பத்து மணி ஐம்பது. பன்னிரண்டு. நாற்காலி. பூங்கொத்து. கதவைச் சாத்த வரும் பெண்.

இத்தனை நாளும் எல்லோருக்கும் வழிவிட்டவள் அன்றைக்கு வழிவிடவில்லை. கண்ணை மூடினாள். அந்த வரிசைக்கு நடுவே புகுந்தாள். குளிர். தோளில், கழுத்தில், வாய்க்குள். சேறு. யாருடைய முழங்கையோ. மிதி. மிதி. வெளியே வந்தாள். எல்லோருக்கும் முன்னால்.

பின்னால் ஒரு மணி அடித்தது. பிறகு எல்லா மணிகளும்.

அவள் அங்கோஸ்துரா வந்து சேர்ந்தபோது பன்னிரண்டாக எட்டு நிமிஷம். நான் அங்கேதான் நின்றிருந்தேன், அரிசியோடு. தலை சொட்டச் சொட்ட நேராக உள்ளே போய் உட்கார்ந்தாள். பதிவு அலுவலகப் பெண், பாவம், வேறு என்ன கேட்பாள்?

“மாப்பிள்ளை எங்கே?”

சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்த டயர் கடை வென்செஸ்லாவ்தான் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அன்செல்மோவைக் கூட்டி வந்தான். கூட்டி வந்தான் என்பதா, பெயர்த்துக்கொண்டு வந்தான் என்பதா. அதன் பிறகு மூன்று வருஷம் அன்செல்மோ தன் அம்மா எல்விராவின் வீட்டு நடையில் சுவரோடு ஒட்டி நின்றான். நின்றுகொண்டே சாப்பிட்டான். நாங்கள் எதிரே நடந்தால், “பாத்து, இடிச்சுடாதீங்க,” என்பான். “இன்னும் எத்தனை பேருப்பா?” என்று கேட்பது எங்கள் தெருவில் வேடிக்கையாகிவிட்டது. “நிறைய,” என்பான்.

கிரிசெல்டா வென்செஸ்லாவைக் கட்டிக்கொண்டாள். நாங்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. பயத்தில் நடுங்கியவளை அன்றைக்குப் போர்வையில் சுற்றியவன் அவன்தான். மலையும் ஏரியும் இல்லாத பிளோத்தியருக்குக் குடிபோனார்கள். சைக்கிளை விற்கச் சொன்னேன். யாரும் வாங்கவில்லையாம், கொட்டகையில் கிடந்தது.

போன ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை அன்செல்மோ சுவரைவிட்டு வந்தான். மேசையில் உட்கார்ந்து ரொட்டி கேட்டான். “முடிஞ்சுதும்மா. கடைசி ஆளும் போயாச்சு. பாவம், அவ மட்டும்தான் நின்னு என் முகத்தைப் பாத்துட்டுப் போனா.”

எல்விரா சந்தோஷத்தில் தெருவுக்கே கேக் அனுப்பினாள். நானும் தின்றேன். தின்றுகொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது: போனா என்றானே, கடைசி ஆள் ஒரு பெண். அன்று சாயங்காலம் வென்செஸ்லாவிடமிருந்து அழைப்பு வந்தது. துணி எடுக்கப் பின்கட்டுக்குப் போன கிரிசெல்டாவைக் காணோம். கொட்டகையில் சைக்கிளும் இல்லை. வாசலிலிருந்து பின்கட்டு வரை வீடு முழுக்க ஈரமாம்.

வென்செஸ்லாவ் கடையை விட்டுவிட்டு பாஹியா பிளாங்காவுக்குப் போய்விட்டான், கடல் ஓரமாக. அன்செல்மோ செப்டம்பரில் கல்யாணம் செய்துகொண்டு ஹூனினுக்குக் குடிபோனான். பெண் யார் என்கிறீர்கள்? அந்த அங்கோஸ்துரா பதிவு அலுவலகப் பெண்ணேதான். இந்தத் தடவை மாப்பிள்ளை நேரத்துக்கு வந்தான்.

நான் போன வாரம் அங்கோஸ்துராவுக்குப் பஸ்ஸில் போனேன். அந்த வளைவில் ஓட்டுநர் வழக்கம்போல ஹாரனை ஒரு தடவை அடித்தான். ஜன்னல் வழியே பார்த்தேன். கோய்ஹுவே மரத்தில் இப்போது இரண்டு வெள்ளைச் சைக்கிள்கள். இரண்டாவதில் வண்ணம் புதுசு. கைப்பிடியில் சின்ன, பளபளப்பான மணி, அன்செல்மோ அன்றைக்குக் கழட்டிவைத்து எல்விராவின் சமையலறை இழுப்பறையில் இத்தனை நாள் கிடந்ததுபோலவே ஒன்று.

“தம்பி, ரெண்டு தடவை அடிச்சிருக்கணும்,” என்றேன்.

அவன் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வண்டியை வலப்பக்கம் சரளையில் இறக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்தான்.

“யாரோ மணி அடிக்கறாங்க. போகட்டும்,” என்றான்.

நாங்கள் இருபத்தோரு பேரும் உட்கார்ந்து காத்திருந்தோம். சாலை காலியாக இருந்தது. என் ஜன்னலுக்குக் கீழே, காய்ந்த தாரின்மேல், ஒரு ஈரக்கோடு மெதுவாக வந்து நின்றது.