கொக்கியில் மாட்டிய கோட்டு

கொக்கியில் வேறு கோட்டு தொங்கியது.

மார்சலி கதவருகே நின்று அதையே பார்த்தாள். முக்கால் மணி நேரத்துக்கு முன் அதே கொக்கியில் அவள் மாட்டிவிட்டுப் போனது மஞ்சள் மழைக்கோட்டு, போன மாதம்தான் வாங்கியது. இப்போது தொங்குவது முழங்காலுக்குக் கீழே இறங்கும் சாம்பல் நிறப் பழைய கம்பளிக் கோட்டு. அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்தரையில் விழுந்து, சின்னக் குட்டையாகத் தேங்கி, வாசல் பக்கமாக மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பெய்த மழை நின்று வெகு நேரமாகிவிட்டது. குடிலுக்குள் அணைந்த கரியின் வாசனையோடு, அலை விலகிய பாறையில் அழுகிக் கிடக்கும் கடற்பாசியின் வாடையும் அடித்தது.

“எவன்டா இது,” என்று வாய்விட்டுச் சொன்னாள்.

பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அன்று காலையிலிருந்தே அவளுக்கு எரிச்சல்தான். ஹெல்லரே தீவில் மனிதர்கள் வாழ்ந்து தொண்ணூறு வருடங்களாகிறது. ஆடுகளும் கடல்நாய்களும் இந்த ஒற்றைக் கல்குடிலும்தான் மிச்சம். அக்டோபரின் கடைசிப் படகு ஏழு பேரை இறக்கிவிட்டிருந்தது. மூன்று ஜோடிகள், பிறகு இவள். மதியம் அதே படகு அவர்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டால், பிறகு ஏப்ரல் வரை படகு கிடையாது. கிராய்கன் துறையில் படகு ஏறும்போதே படகுக்காரர் ரூரி, “ஏம்மா, தனியாவா வந்திருக்க?” என்று கேட்டார். ஒரு ஜோடியின் மனைவி பிஸ்கட்டை நீட்டிக்கொண்டே அதையே கேட்டாள். இன்னொருத்தியின் கணவன், “துணைக்கு யாரும் கெடைக்கலையா?” என்றான். நாற்பத்தொரு வயதில், விவாகரத்துக்குப் பிறகு, முதல்முறையாக ஒரு நாள் தனியாக இருக்க ஆசைப்பட்டவளை ஊரே சேர்ந்து துக்கம் விசாரித்தது. மார்சலி மழைக்கோட்டின் தலைத்தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு படகின் பின்கோடியில் உட்கார்ந்தாள். யாரிடமும் பேசவில்லை.

கோட்டு விஷயத்தில் தப்பு தன்னுடையதுதான் என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது. அந்தக் கரைப்பக்கத்தில் இந்த மாதிரிக் குடில்களுக்குப் பூட்டு கிடையாது, வழக்கம்தான் உண்டு. பெஞ்சில் வைத்தது உன்னுடையது. கொக்கியில் மாட்டியது அடுத்து வருகிறவருக்கு. நனைந்து வருகிறவன் உலர்ந்ததை எடுத்துக்கொண்டு தன் ஈரத்தை மாட்டிவிட்டுப் போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. வெயில் வந்ததும் கடல்நாய்களைப் பார்க்கக் கிளம்பியபோது, ஆளே இல்லாத தீவில் யார் வரப்போகிறார்கள் என்று அவள்தான் அலட்சியமாகக் கொக்கியில் மாட்டினாள். கார்ச்சாவி அந்த மஞ்சள் கோட்டின் பையில் இருந்தது.

மணி இரண்டு இருபது. படகு இரண்டரைக்கு. ஐந்து மணிக்கு அவள் முன்னாள் கணவன் டூகல் வீட்டு வாசலில் நின்று மகள் எஃபியைக் கூட்டிக்கொண்டாக வேண்டும்.

எஃபிக்கு எட்டு வயது. அவள் யாரிடம் வளர்வது என்று செவ்வாய்க்கிழமை நீதிமன்றம் சொல்லும். “நீ என்னிக்கு நேரத்துக்கு வந்திருக்க? இந்தத் தடவ ஒரு நிமிஷம் லேட்டானாலும் வக்கீல்கிட்டச் சொல்லுவேன்,” என்று டூகல் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். அந்தச் சிரிப்பை நினைத்தாலே மார்சலிக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

அவள் ஓடினாள். சதுப்பில் கால் கணுக்கால் வரை புதைந்தது, சிக்கிய பூட்ஸை இரண்டு கையாலும் பிடுங்க வேண்டியிருந்தது. அந்த ஆறு பேரில் கோட்டை எடுத்தது யாராக இருந்தாலும் படகில் வைத்து நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று மனதுக்குள் வசனம் தயார் செய்துகொண்டே ஓடினாள். கடைசி மேட்டில் ஏறியபோது படகின் எஞ்சின் சத்தம் கேட்டது.

படகு கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

“ரூரி! ஏய், நில்லுங்க!”

காற்று எதிர்ப்பக்கமிருந்து வந்தது. கத்தியதெல்லாம் அவள் வாய்க்குள்ளேயே திரும்பியது. கைகளை ஆட்டினாள், குதித்தாள், ஒரு கல்லை எடுத்துக் கடலில் வீசினாள். ரூரி பெயர் கூப்பிட்டுப் பார்க்கிற ஆள் இல்லை. ஏழு தலையை இறக்கினால் ஏழு தலையை ஏற்றிக்கொண்டு போவார், முப்பது வருடமாக அதுதான் அவர் கணக்கு. மார்சலி படகில் இருந்த தலைகளை எண்ணினாள். நடுவில் மூன்று ஜோடி. பின்கோடியில், அவள் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், மஞ்சள் கோட்டு.

ஏழு.

ஜோடிகள் எல்லோரும் கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் கோட்டு மட்டும் தீவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. தொப்பிக்குள் முகம் இருந்த இடம் தெரியவில்லை. படகு புள்ளியாகும்வரை அது திரும்பவே இல்லை.

அப்போதுதான் மார்சலிக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது, அதுவும் கோபத்தில் வந்த அழுகைதான். ஜோடியாக வந்திருந்தால் பக்கத்துச் சீட்டுக்காரன் ஒருவனாவது, இவள் அவள் இல்லையே என்று சொல்லியிருப்பான். காலையில் அந்தப் பெண்மணியிடம் ஒரு பிஸ்கட்டையாவது வாங்கித் தின்றிருக்கலாம்.

தீவில் கைபேசிக்குச் சிக்னல் கிடைப்பது உச்சியில்தான். இரண்டு மணி நேர ஏற்றம். குடிலைத் தாண்டும்போது ஆலங்கட்டி கலந்த மழை பிடித்துக்கொண்டது; மெல்லிய ஸ்வெட்டர் உடம்போடு ஒட்டி, தாடை தானாக அடித்துக்கொண்டது. வேறு வழியில்லை. உள்ளே போய், அந்தச் சாம்பல் கோட்டைக் கொக்கியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டாள். இரண்டு ஆள் கனம் கனத்தது. பிழிந்து பார்த்தாள், எவ்வளவு பிழிந்தாலும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. உதட்டில் தெறித்தது உப்புக் கரித்தது.

பாதி மலையில் விரல் விறைத்துப் போய்க் கையைப் பைக்குள் விட்டபோது ஏதோ தட்டுப்பட்டது. கம்பளியில் பின்னிய கையுறை. குழந்தையுடையது. அடியில் இன்னொன்று, அளவு வேறு, நிறம் வேறு. தோண்டத் தோண்ட வந்தது. மொத்தம் ஐந்து. எல்லாமே ஊறி வீங்கியிருந்தன, எதற்கும் ஜோடி இல்லை.

அவற்றை அப்படியே புல்லில் உதறிவிட்டு ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. தனக்குத் தானே சத்தமாகத் திட்டிக்கொண்டே ஏறினாள். மழையை, சதுப்பை, ரூரியை, டூகலை, மாதத் தவணையில் வாங்கிய பூட்ஸை. திட்டிக்கொண்டிருக்கும்வரை வேறு எதையும் நினைக்க வேண்டியதில்லை.

பனிமூட்டத்தில் இரண்டு முறை வழி தப்பியது. உச்சிக்கு வந்தபோது ஐந்தே முக்கால். வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. கற்குவியல் மேல் ஏறி, ஒற்றைக்காலில் நின்று, கையை வானத்துக்கு நீட்டிய பிறகு ஒரே ஒரு கோடு சிக்னல் வந்தது. முதலில் ரூரியைக் கூப்பிட்டாள். மதுக்கடை இரைச்சல் கேட்டது.

“ரூரி, நான் மார்சலி. என்னைத் தீவுலயே விட்டுட்டுப் போயிட்டீங்க.”

“யாரும்மா? ஏழு பேர எறக்குனேன், ஏழு பேர ஏத்துனேன். மஞ்சக் கோட்டுதானே நீ? நான்தான் கையப் புடிச்சு ஏத்தி விட்டேன். ஒரு தேங்க்ஸ் கூடச் சொல்லல. ஒக்காந்த எடத்துல ஒரு வாளித் தண்ணி நின்னுச்சு.”

“அது நான் இல்ல.”

“நீ இல்லாம? குடிச்சிருக்கியா? இங்க பாரு, போன வாரந்தான் ஹோட்டல் பசங்க இதே மாதிரி போன் பண்ணி என்னை அலைய விட்டானுங்க. வேற ஆளப் பாரு.”

வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. மார்சலி கைபேசியைப் பாறையில் அடிக்கப் போனாள், அடிக்கவில்லை. மணி ஐந்து ஐம்பது. டூகல் இந்நேரம் வக்கீலுக்கே போன் போட்டிருப்பான். அவனைக் கூப்பிட்டாள்.

“டூகல், நான் லேட்டுதான். காரணம் இருக்கு, கேளு.”

“லேட்டா?” அவன் குரலில் கேலி இல்லை, குழப்பம் இருந்தது. “டாண்ணு அஞ்சு மணிக்கு வந்து நின்னியே. வாழ்க்கையிலயே முதல் தடவ. பாராட்டலாம்னு பாத்தா நீ நிமுந்து கூடப் பாக்கல.”

மார்சலி கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஒரு கோவம்னா வாயத் தொறந்து சொல்லணும், மார்சலி. புள்ள முன்னாடி அப்படி நிக்காதே. தலையத் தொடைச்சிருக்கலாம்ல? நடையெல்லாம் உப்புத்தண்ணி. நான்தான் மாப் போட்டேன்.”

“எஃபி எங்க?”

“எங்கன்னா? உன் கூடத்தான். கார்ல ஏத்திக்கிட்டுப் போனியே.”

“டூகல், போலீசக் கூப்பிடு. அது நான் இல்ல. சத்தியமா நான் இல்ல. நான் ஹெல்லரேல இருக்கேன்.”

நீண்ட பெருமூச்சு. “செவ்வாக்கெழமைக்கு இது ஒரு புது நாடகமா? இதையும் வக்கீல்கிட்டச் சொல்லுறேன்.”

துண்டித்துவிட்டான்.

எஃபியின் கையில் போன் பேசுகிற கடிகாரம் உண்டு. மார்சலியின் விரல் இரண்டு முறை தப்பான பெயரை அழுத்தியது. மூன்றாவது முறை மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

“அம்மா?” கிசுகிசுப்பு.

“எஃபி. கண்ணு. வண்டி ஓட்டுறது அம்மா இல்ல.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“நீ எப்பவும் பாட்டுப் போடுவ. இவங்க போடல.” மூச்சு விடும் சத்தம். “மொகத்தையும் காட்ட மாட்டேங்கறாங்க. சீட்டெல்லாம் ஈரம்மா. என் காலுகிட்டத் தண்ணி வருது.”

“கதவத் தொற. வண்டி மெதுவா போறப்பக் குதிச்சிரு.”

“தொறக்க வரல.”

“எங்க போறீங்க? வெளிய என்ன தெரியுது?”

“வீட்டுக்குப் போகல. பள்ளிக்கூடம் தாண்டியாச்சு. படகு நிக்குமே, அங்க.”

கிராய்கன் துறை. மார்சலி கடலைத் திரும்பிப் பார்த்தாள். நான்கு மைல் அகலக் கடலுக்கு அப்பால் கரை கருத்துக் கிடந்தது. மலைச்சாலையில் ஒரே ஒரு வண்டி. இரண்டு விளக்குகள். வளைவில் மறைந்தன. மறுபடி வந்தன. படகு இறக்கும் சரிவைப் பார்த்துத் திரும்பின.

“எஃபி, கத்து. கண்ணாடியத் தட்டு.”

பதிலாக இன்னொரு குரல் வந்தது. கைபேசிக்குள்ளிருந்து. வெகு அருகில்.

“பெல்ட்டப் போட்டுட்டு ஒழுங்கா ஒக்காரு, எஃபி. எத்தனை தடவ சொல்றது.”

மார்சலியின் குரல். தினமும் காலையில் அவள் சொல்வதேதான். அதே வார்த்தை. அதே எரிச்சல்.

“நிறுத்து,” என்று கத்தினாள். “என் பொண்ண விடு. நிறுத்து.”

விளக்குகள் சரிவில் இறங்கின. வேகம் குறையவில்லை. கூடவும் இல்லை. ஊருக்குள் கடைக்குப் போகிற வேகம். சரிவின் விளிம்பு வந்தது. தண்ணீர் வந்தது.

விளக்குகள் கடலுக்குள் போயின.

அணையவில்லை.

மார்சலி மண்டியிட்டாள். சாம்பல் கோட்டின் கனம் தோளை அழுத்தியது. கைபேசியில் இணைப்பு அறுபடவில்லை. எஞ்சின் ஓடும் சத்தம். பெல்ட் மாட்டும் சத்தம். அதற்கப்பால் ஒரு முழக்கம், காதைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினால் கேட்கிற மாதிரி. பிறகு எஃபி பேசினாள். கிசுகிசுப்பு இல்லை. பயம் இல்லை. காரின் பின்சீட்டில் சலித்துப்போய்க் கேட்கிற அதே குரல்.

“அம்மா, இன்னும் எவ்ளோ தூரம்?”

அவள் கேட்டது மார்சலியிடம் இல்லை.

கறுத்த தண்ணீருக்கு அடியில், வெளிறிய மஞ்சளில், இரண்டு விளக்குகள் சீரான வேகத்தில் தீவை நோக்கி வந்துகொண்டிருந்தன. பாதிக் கடலைத் தாண்டிவிட்டிருந்தன.