குலுக்கிய குழாய்

அம்மாவின் கையில் நரம்பே அகப்படவில்லை. மருந்து ஏறி ஏறி எல்லாம் சுருங்கிப் போயிருந்தன. நர்ஸ் இடம் மாற்றி மாற்றிக் குத்தினார். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். ஒருவழியாக ரத்தம் வந்தது.

"கீழ ஆய்வகத்துல குடுத்துடுங்க" என்று நர்ஸ் ரத்தம் நிரம்பிய சிறு குழாயை நீட்டினார். அப்பா நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். மகள் வாலு வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் அம்மாவுக்கு மருந்து ஊற்றுவது அவள்தான். புட்டியில் 'நன்றாகக் குலுக்கவும்' என்றிருக்கும். இதற்கும் அப்படித்தானே? கை வலிக்கக் குலுக்கிக்கொண்டே படியிறங்கினாள்.

"இதுல என்ன பாப்பீங்க அக்கா?"

ஆய்வக அக்கா குழாயில் ஒட்டியிருந்த பெயரைச் சரிபார்த்தார். "மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு துளியூண்டு துணுக்கு. செல்லுக்குள்ள எந்த வேலைய அடக்கணும்னு பாத்துக்கும்."

"போலீஸ் மாதிரியா?"

"எல்லாம் போலீஸ் இல்ல. சிலது புத்துநோய்க் கட்டிய அடக்கும். சிலது கட்டிக்கே கூஜா தூக்கும். ரத்தத்துல எது கூடியிருக்கு, எது குறைஞ்சிருக்குன்னு அளந்தா, மருந்து கேக்குதான்னு ஸ்கேனோட சேத்துப் பாக்கலாம். நல்லவேளை, நீ பதமா கொண்டு வந்தே. குலுக்கினா சிவப்பணு உடைஞ்சு, அதுல இருக்கிறதும் கொட்டிக் கலந்துடும்."

வாலு குழாயைப் பார்த்தாள். "கலந்தா தெரியாதா?"

"கொஞ்சமா கலந்தா கண்ணுக்குத் தெரியாது. கேக்காத மருந்து கேக்குதுன்னுகூட முடிவு வந்துடும்."

சொன்னால் அம்மாவுக்கு இன்னொரு ஊசி. சொல்லாவிட்டால்?

"நான் குலுக்கிட்டேன் அக்கா."

அக்கா குழாயைத் தனியே வைத்தார். "சொன்னது நல்லது. வேற ரத்தம் வேணும்."

மேலே போய் வாலு எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"உனக்கு வாலுன்னு சும்மாவா பேர் வச்சோம்?" என்றாள்.

அம்மாவின் கை சில்லிட்டிருந்தது. வெந்நீரில் குளித்தால் தன் கையில் நரம்பு புடைப்பது வாலுவுக்கு நினைவு வந்தது. நர்ஸைக் கேட்டு, வெதுவெதுப்பான நீரை ஒரு புட்டியில் நிரப்பி, துண்டில் சுற்றி, அம்மாவின் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நீலமாய் ஒரு கோடு எழும்பியது. ஒரே குத்தில் ரத்தம் வந்தது. இம்முறை அப்பாவே கொண்டுபோனார்.

சில நாளில் ஸ்கேனோடு சேர்த்து முடிவு வந்தது. மருந்து கேட்கவில்லை.

"வேற மருந்துக்கு மாத்துறோம்" என்றார் டாக்டர். "அது கேக்கும்னு இப்ப உறுதி சொல்ல முடியாது."



"கேக்காத மருந்துக்கா இவ்வளவு வாந்தி எடுத்தேன்?" என்றாள் அம்மா.

"இனிமே அது வேண்டாம்மா" என்றாள் வாலு.

பழைய மருந்தை நிறுத்தினார்கள்; வாந்தியும் நின்றது. புதியது தொடங்கச் சில நாள் இருந்தது. அதில் ஒரு நாள் மாலை அம்மா, "பசிக்குதுடி" என்றாள்.

வாலு தட்டை எடுக்க எழுந்தாள்.