அவர் பெயரில் படித்தவள்

"என்ன அத்தை இது... இன்னைக்கும் எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

சின்ன மருமகளின் குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுப்பில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்திருந்த திரையில் புத்தகம் படிக்கும் அந்தக் கருவியைக் கைத்துணியால் மூடப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?

மருமகள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். சாப்பாட்டு டப்பாவை எடுக்க வந்தவள் அதை மறந்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இது மாமாவுக்குன்னு உங்க பெரிய பிள்ளை வாங்கிக் குடுத்தது. கை விளங்காத மனுஷன், புஸ்தகத்தைப் பிடிக்க முடியாம தவிக்கிறாரேன்னு வாங்கிக் குடுத்தது! அதையும் பிடுங்கிட்டு வந்து அடுப்படியில வெச்சிருக்கீங்களே... உங்களுக்கு மனசாட்சியே இல்லையா அத்தை?"

"இல்லம்மா... சும்மா... சார்ஜ் இருக்கான்னு..."

"போன வாரம் மாடியில உக்காந்து சார்ஜ் பாத்தீங்க. அதுக்கு முன்னாடி துணி துவைக்கிற இடத்துல பாத்தீங்க. ஒரு தடவை சார்ஜ் போட்டா மூணு வாரம் நிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

கேட்டுக்கொண்டே அதை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று மாமனாரின் அறைக்குப் போனாள். மாமியார் ஈரக் கையோடு பின்னாலேயே ஓடினாள்.

"மாமா, இதை நீங்களா அத்தைகிட்ட குடுத்தீங்க?"

கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தவர் முதலில் கருவியைப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற மனைவியைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். பேச்சு அதோடு முடிந்திருக்கும்.

"நான் எங்க குடுத்தேன்? கேக்காம கொள்ளாம எடுத்துட்டுப் போயிடறா. எட்டாங்கிளாஸ் தாண்டாதவளுக்கு இது எதுக்குன்னு நீயே கேளு!"

அடப் பாவி மனுஷா என்று நாமாக இருந்தால் கத்தியிருப்போம். அவள் கத்தவில்லை. அரிசி குழைந்துவிடும் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். அங்கே போய்த்தான் அழுதாள்.

அந்த மனிதர் முப்பத்தைந்து வருடம் அச்சகத்தில் புரூப் ரீடராக இருந்தவர். ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விட்டுப் போயிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அதனால் அங்கே அவருக்குப் பெயரே 'புள்ளி'. "முதலாளி என்ன முதலாளி! எங்க ஆபீஸ்ல நான்தான் பெரிய புள்ளி!" என்று வீட்டில் வந்து அளப்பார். மனைவி மளிகைச் சீட்டு எழுதினால் அதையும் சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுப்பார். அவள் எழுதுவதையே நிறுத்திவிட்டாள்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு பக்கவாதம் வந்தது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, ஆசையாகப் பேப்பர் கேட்டார். அவள் விரித்துக் கொடுத்தாள். சற்று நேரம் பார்த்தவர், "இது எந்த ஊரு பேப்பர்? என்ன பாஷை இது?" என்றார். விளையாடுகிறார் என்று அவள் சிரித்துவிட்டாள். பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

கண் நன்றாகத்தான் தெரிந்தது. எதிர்ச் சுவரில் ஊர்கிற எறும்புகூடத் தெரிந்தது. எழுத்து மட்டும் எழுத்தாகத் தெரியவில்லை. டாக்டர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள், காலை நீட்டச் சொன்னார்கள், பேசச் சொன்னார்கள். படித்துக் காட்டச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"என் மேல சத்தியம் பண்ணு. பிள்ளைங்களுக்குத் தெரியவே கூடாது! கை போச்சு, கால் போச்சு. இதுவும் போச்சுன்னா... அப்புறம் நான் யாரு? சொல்லு, நான் யாரு?"

அவள் சத்தியம் செய்தாள்.

விவரம் தெரியாத பெரியவன் மூன்றாம் மாதமே அந்தக் கருவியோடு வெளியூரிலிருந்து வந்து நின்றான். ஒரு கையால் பிடிக்கலாம், கண் கூசாது, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று ஆசை ஆசையாகச் சொன்னான். தன் கணக்கிலேயே புத்தகங்களை வாங்கிப் போட்டான். அப்பா எதுவரைக்கும் படித்திருக்கிறார் என்பது அங்கே அவன் போனிலும் தெரியுமாம். அப்பாவும் பிள்ளையும் ஒரே நாவலைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொள்ளலாமாம்!

முதல் ஞாயிறு வந்தது. "என்னப்பா, மூணு விழுக்காட்டுலயே நிக்கிறீங்க? கண்ணு வலிக்குதா?" என்று அவன் கேட்டான். மெதுவாகத்தான் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போனை மனைவியிடம் நீட்டிவிட்டார்.

மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு அந்தச் 'சிலேட்டு' அடுப்படிக்கு வந்தது. அவள் அதற்கு வைத்த பெயர் அதுதான்.

ஒரு பக்கம் படிக்க முதலில் அரை மணி நேரம் ஆனது. எழுத்தைப் பெரிதாக்கினாள். புரியாத சொல்லின் மேல் விரலை வைத்து அழுத்தினால் அர்த்தம் வந்தது. அவரிடம் கேட்டால், இதுகூடத் தெரியாதா என்பார். சிலேட்டு அப்படியெல்லாம் கேட்காது. ஈர விரல் பட்டுப் பத்துப் பக்கம் தாண்டி ஓடிவிட்டால் மட்டும் திட்டிக்கொண்டே தேடிப் பிடிப்பாள். மத்தியானம் அவருடைய கைக்குத் தைலம் தேய்க்கும்போது படித்ததையெல்லாம் கதையாகச் சொல்லுவாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் குரல் கணீரென்று எழும். "அந்த லாரிக்காரன் பாத்திரம் இருக்கே, அதுதாண்டா நாவலுக்கே முதுகெலும்பு!" அது அவள் சொன்னது. அவள் வேறு மாதிரிச் சொன்னாள், அவ்வளவுதான். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

இரண்டு வருடத்தில் நாற்பத்தொரு நாவல்கள். ஊமை கண்ட கனவு போல அத்தனையும் அவளுக்குள்ளேயே இருந்தன.

மருமகள் கெட்டவள் இல்லை. மாமனார் மேல் உயிரையே வைத்திருந்தாள். அதனாலேயே அன்று கடையிலிருந்தபடி பெரியவனுக்குப் போன் போட்டுவிட்டாள். சனிக்கிழமை மத்தியானம் அவன் வந்து இறங்கினான். செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை.

"இதுக்காம்மா நான் வாங்கிக் குடுத்தேன்? வாழ்நாள் பூரா நமக்காக உழைச்ச மனுஷன். ஒரே ஒரு சந்தோஷம் மிச்சம் இருக்கு. அதுலயும் போய் பிடுங்கித் தின்னணுமா?"

"நான் என்னடா பிடுங்கினேன்..."

"அப்பாவே சொல்லிட்டாரே, கேக்காம எடுக்கறான்னு! இன்னும் என்ன பேசறது? நாளைக்குக் காலையில அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன். அங்க ஆள் போட்டுப் பாத்துக்கறேன். நீ இங்கயே இரு."

"நான் இல்லாம அவரு எப்படிடா..."

"நீ இருந்துதான் என்ன பண்ணிட்ட?"

முப்பத்தெட்டு வருடக் குடும்பம் பண்ணியவளிடம் பெற்ற பிள்ளை கேட்ட கேள்வி அது! அவள் அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, புருஷனின் துணிகளை எடுத்து வைக்க அறைக்குள் போனாள்.

"என்னங்க... ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். அங்க போனா எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? யாரு உங்களுக்குப் படிச்சுச் சொல்லுவா?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மருமகளிடம் கத்திய குரல் இப்போது எங்கேயோ போயிருந்தது.

"சொல்லிட்டா... அவன் என்கிட்ட புஸ்தகத்தைப் பத்திப் பேசவே மாட்டான். மருந்து சாப்ட்டீங்களா, தூங்கினீங்களான்னு மட்டும்தான் கேப்பான். அதை என்னால தாங்க முடியாது."

அவளுக்குப் புரிந்தது. புரிந்ததுதான் கொடுமை. சொன்னால் அவர் உடைந்து போவார். சொல்லாவிட்டால் அவரே போய்விடுவார். இருதலைக் கொள்ளி எறும்பாகச் சிறிது நேரம் நின்றாள். பிறகு ஒரு சட்டையை எடுத்து மடித்துக்கொண்டே, தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.

"கேளுங்க. நான் முன்னாடியே ரெண்டு நாவல் படிச்சு வெச்சிருக்கேன். இப்பவே சொல்லிடறேன். ரெண்டு வாரம் ஓட்டிடலாம். முதல் கதையில ஒரு தபால்காரர் வர்றாரு... கவனமா கேட்டுக்குங்க, அவருக்கு ரெண்டு பொண்ணு, மூணு இல்ல..."

கூடத்தில் உட்கார்ந்து பெரியவன் சிலேட்டுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். நாலு எண் தெரிந்தால்தான் இனி அது திறக்கும். அந்த எண்ணை அப்பாவிடம் மட்டும் சொல்வதாக இருந்தான். பூட்டுப் போடும் இடத்தைத் தேடிப் போகையில் வேறு ஒரு பட்டியல் திறந்துகொண்டது. அகராதியில் தேடிய சொற்கள். மொத்தம் ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு.

அப்பாவுக்கு எதற்கு அகராதி என்று சிரித்துக்கொண்டேதான் பார்த்தான். விரக்தி. எள்ளல். பரிதவிப்பு. அனுமானம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நேரம் இருந்தது. காலை ஐந்து நாற்பது, ஐந்து ஐம்பத்திரண்டு... அப்பா எழுந்திருப்பதே ஏழரைக்கு. இன்னும் கீழே போனான். நிர்த்தாட்சண்யம். அந்தச் சொல்லைத் தப்பாக எழுதியதற்காக எட்டு வயதில் ஐம்பது தடவை எழுதச் சொல்லி அப்பா அவனை உட்கார வைத்திருக்கிறார். அதை அவர் அகராதியில் தேடுவாரா? பெரியவனுக்குச் சிரிப்பு நின்றுபோனது.

சிலேட்டோடு அறைக்குள் வந்தான். தபால்காரர் கதை பாதியில் நின்றது.

"அம்மா... இதுல இத்தனை வார்த்தைக்கு யாரு அர்த்தம் தேடினது?"

"உங்கப்பாதான். வேற யாரு?"

"நிர்த்தாட்சண்யம்னா என்னம்மா?"

"ஈவிரக்கம் இல்லாம, முகம் பாக்காம..." என்றவள் சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது. "எங்கயோ... யாரோ பேசினப்போ கேட்டேன்டா. நீ போ, உங்கப்பா தூங்கட்டும்."

"அம்மா, என்னைப் பாரு. அப்பா பேர்ல நீதானே படிச்ச? எதுக்கும்மா?"

"இல்லைன்னு சொல்றேன்ல! உங்கப்பாதான் படிக்கிறாரு! ஒரு எழுத்து விடாம அவரேதான் படிக்கிறாரு!"

அழுதுகொண்டே அவள் பொய் சொன்னதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கட்டிலிலிருந்து ஒரு விம்மல் கேட்டது.

"அவளை விடுடா... விட்டுடு! எனக்குப் படிக்கத் தெரியாதுடா!"

இருவரும் திரும்பினார்கள். அவர் நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷமா எனக்கு ஒரு எழுத்து தெரியாது. அ தெரியாது, ஆ தெரியாது. நான் போன்ல பேசினதெல்லாம் அவ படிச்சு அவ சொன்னது... அவளைத் திருடியாக்கினதும் நான்தான்! என் மானத்தைக் காப்பாத்திக்க அவ மானத்தை வித்துட்டேன்டா..."

சத்தம் கேட்டு ஓடி வந்த மருமகள் வாசற்படியிலேயே நின்றாள். அவளுக்கு விஷயம் விளங்க ஒரு நிமிடம் ஆனது. விளங்கியதும் உள்ளே வந்து மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை ரெண்டு அடி அடிங்க அத்தை... அன்னைக்கு என்னென்ன பேசிட்டேன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"உனக்கு எப்படிம்மா தெரியும்? நீ உங்க மாமாவுக்காகத்தானே பேசின?" என்று அவள் மருமகளின் கண்ணைத் துடைத்தாள். பிறகு பிள்ளையிடம் திரும்பியபோதுதான் கோபம் வந்தது. "உனக்கு இப்ப திருப்தியாடா? ரெண்டு வருஷமா பொத்திப் பொத்தி வெச்சிருந்தேன். ஒரு நிமிஷத்துல போட்டு உடைச்சிட்டியே! இனிமே அவரு என்னத்தை வெச்சுக்கிட்டு உன்கிட்ட பேசுவாரு?"

பெரியவன் தரையில் உட்கார்ந்து அம்மாவின் கால்களைக் கட்டிக்கொண்டு முகம் புதைத்தான். நீ இருந்துதான் என்ன பண்ணிட்ட என்று கேட்ட வாய் அது. மன்னிப்பு என்ற வார்த்தை அதிலிருந்து வரவில்லை, அழுகைதான் வந்தது. அவள் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். தாய் வேறென்ன செய்வாள்?

வெகுநேரம் கழித்துத்தான் அவன் நிமிர்ந்தான்.

"அப்பா எங்கயும் போக வேண்டாம்மா. டாக்டர்கிட்ட நான் பேசறேன்" என்றான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாற்பத்தொண்ணு படிச்சிருக்கியே... அதுல உனக்கு யாரைம்மா பிடிச்சுது?" என்று கேட்டான்.

பழக்க தோஷத்தில் அவள் புருஷனைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கு எப்போதும் பதில் சொல்கிறவர் அவர்தானே!

"என்னை ஏன் பாக்கற?" என்றார் அவர், கரகரத்த குரலில். "எனக்குத் தெரியாது. எனக்கு எது பிடிக்கும்னு பாத்துப் பாத்துத்தானே நீ எனக்குச் சொன்ன. உனக்கு எது பிடிச்சுதுன்னு நான் ஒரு நாளும் கேக்கலையே..."

அத்தனை நேரம் அழுததெல்லாம் மற்றவர்களுக்காக. இப்போது வந்த அழுகை அவளுக்கே அவளுக்கானது.

"யாரும் கேட்டதே இல்லையேப்பா..." என்றாள். பிள்ளை காத்திருந்தான். மருமகள் காத்திருந்தாள். முப்பத்தைந்து வருடம் மற்றவர் எழுத்தைத் திருத்தியவரும் காத்திருந்தார்.

"அந்த லாரிக்காரனைப் போய் நல்லவன்னு சொன்னேன்ல, அது பொய்" என்றாள் அவள், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தபடி. "எனக்கு அவனைப் பிடிக்கவே பிடிக்காது. அவன் பொண்டாட்டியைத்தான் பிடிக்கும். ஏன்னு சொல்றேன், கேளுங்க..."

அடுப்பில் எதுவும் வைக்கவில்லை. விளக்கு வைக்கும் நேரம் வரை அவள் பேசிக்கொண்டிருந்தாள்.